பொன்னும் பித்தளையும்

உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பவரை வேஷதாரி என்கிறோம். அப்படியானால் மேற்பூச்செல்லாம் பொய்தானா? பழைய பைக் கடிகாரங்களின் கூட்டை எண்ணும்போது எனக்கு இந்தச் சந்தேகம் எழுகிறது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் கடிகாரக் கூடு செய்துவந்த ஜேம்ஸ் பாஸ் என்பவர் 1859-இல் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். பித்தளைத் தகட்டின் இரு பக்கமும் பொன் தகடுகளைப் பற்றவைத்து, உருளைகளுக்கிடையே கொடுத்து மெல்லியதாக்குவது அந்த முறை. அந்தத் தகட்டிலிருந்தே முதுகு மூடியும் மற்ற உறுப்புகளும் உருவாயின. முழுப் பொன் வாங்க இயலாதவனின் சட்டைப் பையிலும் பொன் மின்னியது.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லிவிடலாமா? தேய்வது மேற்புறந்தானே, உள்ளே நின்று தாங்கும் வலிமையைப் பித்தளை தந்தால் என்ன குறை? அதோடு, பின்னாளில் இத்தகைய கூடுகள் பலவற்றில் மூடியின் உட்புறத்தில் 20 ஆண்டு, 25 ஆண்டு என்று உத்தரவாதத்தையும் பொறித்தார்கள். அதுவரை பித்தளை தலைகாட்டாது என்பது பொருள். முழுப் பொன்னுக்கு எதற்கு ஐயா கெடு? ‘நான் முழுப் பொன் அல்ல’ என்ற ஒப்புதலும் அந்த எழுத்திலேயே இருக்கிறது.

வஞ்சகம் பிறப்பது வேறிடத்தில். வாங்கியவனுக்கு உண்மை தெரியும். அவனிடம் மணி கேட்கிறவனுக்குத் தெரியாது. அந்த மினுமினுப்பைக் காட்டி அவன் கடன் கேட்டால், பொய் சொன்னவன் அவன்தான், கூடு அல்ல.

மனத்தில் ஆயிரம் கவலையிருந்தும் விருந்தினரை இன்முகத்தோடு வரவேற்கும் பெண்ணை நான் வேஷதாரி என்று சொல்லமாட்டேன். அந்தப் புன்னகையைக் காட்டி அவள் யாரிடமும் எதையும் பறித்துக்கொள்ளவில்லை.