சலுகை என்ற சொல்

போன வருஷம் தில்லியில் ஒரு கருத்தரங்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் தருவதாகக் கடிதத்தில் இருந்தது. சென்ட்ரலில் ஏறினால் ஒன்றரை நாள். எனக்கு அது பழக்கந்தான். ஆனால் என் சித்தி மகன் விடவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். "இன்னாத்துக்குண்ணா ரயிலு? எங்கைல பாயின்ட் சும்மா தூங்கிக்கினு கீது. நானும் ஆபீஸ் வேலையா அதே வாரம் போறேன். பிளைட்ல போலாம் வா" என்றான். இரண்டு டிக்கெட்டுக்கும் வரி என்று ஏதோ கொஞ்சம் கட்டினான். மீதியெல்லாம் பாயின்ட்.

விமான நிலையத்தில் சோதனை முடிந்ததும் லவுஞ்ச் என்கிற இடத்துக்குக் கூட்டிப்போனான். வாசலில் இருந்த பெண் அவன் கிரெடிட் கார்டை வாங்கித் தேய்த்தாள். இரண்டு ரூபாய். கூட ஒருத்தரை அழைத்துப்போகவும் அவன் கார்டில் இடமிருந்தது. உள்ளே இட்லி, பொங்கல், வடை, பழம், எத்தனை தரம் வேண்டுமானாலும் காப்பி. கண்ணாடிக்கு வெளியே அதே காப்பியை இருநூறு ரூபாய்க்கு வாங்கி, உட்கார நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். நான் நாலு இட்லி தின்றேன், பொங்கலும் தின்றேன். பசி இருந்தது. கூச்சமும் இருந்தது.

மேசையைத் துடைக்க வந்த அம்மாவுக்கு எங்கம்மா வயசிருக்கும். பேச்சுக் கொடுத்தேன். "முன்னாடி பேசின்பிரிட்ஜாண்ட இருந்தோம்பா. இப்போ பெரும்பாக்கம்" என்றது. "நாங்க புளியந்தோப்பு" என்றேன். அந்தம்மா என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, மெதுவாக, "நல்லா துண்ணு" என்றது. அந்த இரண்டு வார்த்தை ஒரு வருஷமாக என்னை விடவில்லை. வாழ்த்தா, கிண்டலா? என் காசில்லை, தம்பி காசுமில்லை என்றால் நான் தின்றது யார் காசு?

இதைத் தம்பியிடமே கேட்டேன். "பேங்க்குக்காரன் குட்துக்கிறான். உனக்கின்னா?" என்றான். வங்கிக்காரன் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகச் சரித்திரத்தில் உண்டா? கொஞ்சம் விசாரித்தேன். கடையில் கார்டைத் தேய்த்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் அளவில் கடைக்காரரிடமிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். அதில் ஒரு பங்குதான் பாயின்ட்டாகத் திரும்பி வருகிறது. கைபேசியில் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதில் ஏன் இப்படிப் பாயின்ட் கொட்டுவதில்லை என்று யோசித்தால் விஷயம் விளங்கும். பெரிய கடைக்காரர் அந்த இரண்டு ரூபாயைத் தன் நஷ்டமாகவா எழுதுவார்? விலையிலேயே ஏற்றிவைக்கிறார். கார்டு உள்ளவனுக்கும் அதே விலை, முந்தானையில் முடிந்த நோட்டை அவிழ்த்துக் கொடுக்கிற எங்கம்மாவுக்கும் அதே விலை. கார்டுக்காரனுக்குப் பாயின்ட் திரும்பி வருகிறது. அம்மாவுக்கு ஒன்றும் வருவதில்லை.

அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன் நகரத்து மத்திய வங்கிக் கிளையின் பொருளாதார அறிஞர்கள் 2010இல் எழுதிய அறிக்கைப்படி, ரொக்கம் கொடுக்கும் குடும்பம் சராசரியாக வருஷத்துக்கு 149 டாலரைக் கார்டு குடும்பங்களுக்குத் தாரைவார்க்கிறது. கார்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு 1,133 டாலர் வந்து சேர்கிறது. 2023இல் வந்த இன்னொரு ஆய்வு, பரிசு தரும் கார்டுகளால் ஆண்டுக்கு சுமார் 1,500 கோடி டாலர் படிப்புக் குறைந்தவர்களிடமிருந்து படித்தவர்களுக்கும், ஏழைகளிடமிருந்து வசதி உள்ளவர்களுக்கும், சிறுபான்மை இனத்தார் அதிகம் வாழும் பகுதிகளிலிருந்து மற்ற பகுதிகளுக்கும் போகிறது என்கிறது. நம்மூருக்கு இப்படி ஒரு கணக்கை யாராவது போட்டால், சாதி என்கிற பத்தியையும் சேர்த்துப் போட வேண்டும்.

இன்னொரு ஊற்றும் இருக்கிறது. மாசக் கடைசியில் முழுப் பணத்தையும் கட்ட முடியாமல் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டுகிறவர்கள். அவர்களுக்கு மாசம் மூன்றரை, மூன்றே முக்கால் வட்டி என்பது சாதாரணம். வருஷத்துக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து. முப்பதுக்கு மேல் போனால் அது முறையற்ற வாணிபம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டது. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் மேளா போட்டு விற்ற கார்டை வாங்கி, அக்கா கல்யாணத்துக்குத் தேய்த்துவிட்டு, வசூல்காரர்கள் பைக்கில் வந்து நின்றதும் மூன்று மாசம் ஊரில் இல்லை. அவன் கட்டுகிற வட்டியும் அந்த லவுஞ்ச் பொங்கலில் நெய்யாக மிதக்கிறது. நான் ஒன்றும் கவிதைக்காகச் சொல்லவில்லை.

கடன் எங்களுக்குப் புதுசு அல்ல. எங்கம்மா தண்டல் வாங்கித்தான் என்னை எம்.ஏ. தமிழ் படிக்கவைத்தது. பத்தாயிரம் கேட்டால் எட்டாயிரத்து ஐந்நூறு கைக்கு வரும். தினம் நூறு ரூபாய், நூறு நாள். ஒரு நாள் தவறினால் தண்டல்காரர் வாசலில் நின்று பேசுகிற பேச்சுக்குத் தெரு முழுக்க சாட்சி. அப்புறம் குழு லோன் வந்தது. ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற ஒன்பது பேரும் நகராமல் உட்கார வேண்டும். ஒரே பட்டணம். ஒருத்தருக்குக் கடன் வாங்கினால் தண்டனை, இன்னொருத்தருக்குக் கடன் வாங்கினால் பரிசு. அம்மா முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் தண்டல் கட்டியது. முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் வரைக்கும் மதிப்பெண் போடுகிற அந்தக் கடன் தகவல் கம்பெனியின் கணக்கில் அம்மாவுக்கு ஒரு புள்ளியும் இல்லை. வாக்குத் தவறாத மனுஷி, ஆனால் 'தகுதி' கிடையாது.

தகுதி. இந்தச் சொல்லை நமக்குத் தெரியும். இதன் இரட்டைச் சொல்லையும் தெரியும். தம்பிக்குக் கார்டோடு வந்த தமிழ்க் கையேட்டில், 'தகுதி பெற்ற வாடிக்கையாளராகிய தங்களுக்கான சலுகைகள்' என்று தங்க நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். சலுகை! நான் எம்.ஏ. சேர்ந்த முதல் வாரம், வகுப்பில் ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனிடம் என்னைக் காட்டிச் சொன்னது அந்தச் சொல்லைத்தான். "சலுகையில வந்தவன்." இரண்டு வருஷமும் அது என் முதுகில் ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் அது சலுகை அல்ல, அரசியல் சட்டம் எழுதித் தந்த உரிமை. எங்கள் தாத்தன் பாட்டியிடம் பிடுங்கியதில் ஒரு துணுக்கு. அதைச் சலுகை என்று சொல்லி வெட்கப்படவைத்தார்கள். இங்கே உண்மையிலேயே சலுகை, அதுவும் இல்லாதவர்களிடம் வாங்கி இருப்பவர்களுக்குக் கொடுக்கிற சலுகை, அதைச் சொல்லிக்கொள்ளப் பெருமை. லவுஞ்ச்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் முகத்திலும் கூச்சம் இல்லை. தட்டோடு வரிசையில் நின்ற யாரையும் 'சலுகையில் வந்தவன்' என்று யாரும் சொல்லவில்லை. கூசியவன் நான் ஒருத்தன்தான். ஏன் எனக்கு மட்டும் கூசியது என்பதை யோசித்தால் கோபம் வருகிறது.

ஆகவே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? இயக்கத்துத் தோழர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். "இதெல்லாம் நமக்கெதுக்குத் தோழர், எளிமையா இருப்போம்." அவர் நல்லவர். மயிலாப்பூரில் சொந்த வீடு. எளிமை அவருக்கு ஒரு முடிவு. எங்களுக்கு அது விதிக்கப்பட்டது. காந்தி மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தார், 1917இல் அதைப்பற்றி எழுதியும் இருக்கிறார். முதல் வகுப்பில் ஏற முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறினால் அது துறவு. அம்பேத்கர் கோட்டும் டையும் விடாமல் போட்டார். அதை ஆடம்பரம் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். கோவணம் கட்டவைக்கப்பட்டவன் மகன் கோட்டுப் போடுவதில் ஒரு வாதம் இருக்கிறது, அது அவர்களுக்குக் கேட்கவில்லை. எனவே துறவைப் பற்றி எங்களிடம் யாரும் பேச வேண்டாம். துறக்க ஏதாவது சேரட்டும் முதலில்.

ஆனால் அத்தோடு கேள்வி முடிந்துவிடவில்லை என்பதுதான் சங்கடம். பஸ்ஸில் சமமாக உட்காருவதும் குளத்தில் தண்ணீர் எடுப்பதும் எல்லாருக்கும் கிடைத்தாலும் குறையாத பொருள்கள். லவுஞ்ச் அப்படியல்ல. எல்லாரையும் உள்ளே விட்டால் அது வெறும் வெயிட்டிங் ஹால். சிலரை வெளியே வைப்பதைத்தான் அங்கே விற்கிறார்கள். நாங்கள் கோவில் நுழைவு கேட்டபோது, கோவிலில் இன்னொருவரை நிறுத்தும் அதிகாரத்தையா கேட்டோம்? நான் உள்ளே போனது நுழைவுதானா, அல்லது கதவுக்குக் காவல் நிற்பவர்களில் நானும் ஒருத்தன் ஆனதா? இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. பெரும்பாக்கத்து அம்மாவும் அந்த நாற்காலியில் உட்கார முடியாத வரைக்கும் சுத்தமான பதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

பயணத்துக்கும் காசுக்கும் நமக்கும் இருக்கிற வழக்கு பழையது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தலைப்பில் வந்திருக்கும் அம்பேத்கரின் குறிப்புகளில் 1901இல் நடந்த ஒன்று வருகிறது. சிறுவனாகக் கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்க, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். நல்ல உடுப்பு, கையில் காசு. மகார்கள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர் ஒருவரும் வரவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகை. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் நடந்து வருவார். காசு காசுதான் என்பார்கள். அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு பாதியாகிறது. வளர்ந்து, கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது, தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதிக்கொடுத்து, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள்.

இதை இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தில்லியிலிருந்து திரும்பியதும் தம்பி, "நீயும் ஒண்ணு வாங்கிக்கண்ணா. நா ரெபர் பண்ணா எனக்கும் பாயின்ட் வரும்" என்று விண்ணப்பத்தை நீட்டினான். நான் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளன், சம்பளம் வங்கி வழியாகத்தான் வருகிறது. எல்லாம் சரியாக இருந்தது, முகவரிக் கட்டம் வரைக்கும். "அங்க மட்டும் நம்ம பெரம்பூர் வூட்டு அட்ரஸப் போட்டுரு" என்றான். அவன் கதை அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதுசில் இரண்டு தரம் விண்ணப்பம் போட்டு, இரண்டு தரமும் வரவில்லையாம். சரிபார்க்க வந்த பையனே வாசற்படியில் நின்று, "ஏரியா நெகடிவ்வுல இருக்கு சார், எங்க கைல இல்ல" என்று சொல்லியிருக்கிறான். பெரம்பூரில் வாடகைக்குப் போய், ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டியதும் பதினைந்து நாளில் கார்டு வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடந்தே போய்வரலாம்.

நெகடிவ் ஏரியா என்கிற வார்த்தையை வடசென்னையில் லோன் கேட்டுப் போன எவனும் கேட்டிருப்பான். கடன் தருகிறவர்கள் அமெரிக்காவில் 1930களில் கறுப்பர்கள் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டிவைத்தார்கள். இங்கே வரைபடத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். எங்கள் பகுதிக்குக் கெட்ட பெயர் எப்படி வந்தது? 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது எங்கள் ஆட்களின் குடிசைகள் எரிந்தன. அதற்குச் சரித்திரம் வைத்த பெயர் புளியந்தோப்புக் கலவரம். எரித்தவர்களின் பெயர் நிற்கவில்லை, எரிந்த இடத்தின் பெயர் நின்றது. அந்த ஆலை ஓடின காலமெல்லாம் அதில் உழைத்தோம், துறைமுகத்தில் மூட்டை தூக்கினோம், ஆட்டுத்தொட்டியில் கறி வெட்டிப் பட்டணத்துக்கே கொடுத்தோம். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் வடிகிறவரைக்கும் கட்டில்மேல் உட்கார்ந்திருக்கிறோம். வங்கிக்கு இதெல்லாம் ஒரே ஒரு கழித்தல் குறி.

விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு பத்து நாள் இருந்தேன். கார்டு வேண்டுமா வேண்டாமா என்கிற கேள்வி அந்தப் பத்து நாளில் சின்னதாகிப்போனது. பெரம்பூர் என்று எழுதினால் பரோடா விடுதியில் எழுதிய பெயர் மாதிரி. அவருக்கு வேறு கூரை இல்லை. எனக்கு இருக்கிறது. தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவன் செய்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, பூட்டின கதவில் சாமர்த்தியமும் ஒரு சாவிதான். ஆனால் பெரம்பூர்க்காரன் என்று வாங்குகிற கார்டு, புளியந்தோப்புக்குத் தகுதி இல்லை என்கிற அவர்கள் கணக்கை நானே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வது. மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும், காரணத்தை எழுதட்டும் என்று தோன்றியது. கட்டத்தில் எங்கள் வீட்டு எண்ணையும் தெருவையும், புளியந்தோப்பு, சென்னை என்றும் எழுதிக் கொடுத்தேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் சரிபார்க்கிற பையன் வந்திருக்கிறான். நான் கல்லூரியில். வியாசர்பாடியில்தான் அவனுக்கும் வீடாம். ஆட்டோ ஸ்டாண்டில் வழி கேட்டு, இரண்டு தெரு சுற்றி வேர்த்துப்போய் வந்தவனுக்கு அம்மா மோர் கொடுத்திருக்கிறது. எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க என்று கேட்டு எழுதிக்கொண்டானாம்.

"இன்னாம்மா சொன்ன?" என்றேன்.

"எங்க பாட்டி காலத்திலேர்ந்துன்னேன். அவன் பாரத்துல அதுக்கு எடம் இல்லியாம். 'பத்து வருஷத்துக்கு மேல'ன்னு ஒரு டிக் அட்ச்சிக்கினு போனான்."