இரண்டாவது ராக்கெட்

சில மாதங்களுக்கு முன் பாப்பாரப்பட்டிக்குப் போயிருந்தேன். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டம். சுப்பிரமணிய சிவா கடைசி மூச்சை விட்ட ஊர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். விஷயம் தெரிந்த ஆசிரியர் ஒருவர், "வந்ததுதான் வர்றீங்க, எங்க பசங்ககிட்ட அரை மணி நேரம் பேசிட்டுப் போங்களேன்" என்றார். கூட வந்த நண்பர் ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருப்பவர். பி.வி.சி. குழாயில் தச்சர் உபயோகிக்கிற இரும்பு டேப்பை வெட்டிக் கட்டிய ஆன்டெனா ஒன்றை எப்போதும் காரில் வைத்திருப்பார். செலவு சில நூறு ரூபாய். அதை வானத்தைப் பார்த்துப் பிடித்தால், தலைக்கு மேல் போகும் சின்னச் செயற்கைக்கோளின் குரல் கேட்கும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை எது?

ஆகவே சின்னச் செயற்கைக்கோள்களைப் பற்றிப் பேசினேன். 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்க ஹாம்கள் அனுப்பிய ஆஸ்கர்-1, வெறும் நாலரைக் கிலோ. ராக்கெட்டில் சமநிலைக்காக வைக்கிற எடைக்குப் பதிலாக, 'சும்மா ஒரு எடை போவதற்கு இது போகட்டுமே' என்று இடம் வாங்கிக்கொண்டு போனது. 22 நாள் பூமியைச் சுற்றியது. அது பேசியது ஒரே வார்த்தை. மோர்ஸில் நாலு புள்ளி, இரண்டு புள்ளி. அதாவது 'ஹாய்'. அந்த ஹாயின் வேகத்தை வைத்து, உள்ளே எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்கலாம். 28 நாடுகளில் 570க்கும் மேற்பட்டவர்கள் கேட்டு எழுதி அனுப்பினார்கள்.

நம் ஊர்க் கதையும் சொன்னேன். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்டோடு போன ஹாம்சாட். 42.5 கிலோ. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள்; ஒன்று இந்தியாவில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்தில் ஒரு மாணவர் செய்தது. உலகத்தில் லைசென்ஸ் உள்ள யார் வேண்டுமானாலும் பைசா கொடுக்காமல் அதன் வழியாகப் பேசலாம். இரண்டு வருஷம் உழைத்தால் போதும் என்று செய்தது, 2014 ஜூலை வரை உழைத்தது. 2009இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட். 2011இல் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட்.

கடைசியாக ஆசாதிசாட். நாடு முழுக்க 75 பள்ளிகளிலிருந்து 750 பெண் குழந்தைகள். சென்னையில் இயங்கும் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்தது. மதுரைப் பக்கம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. மொத்தம் 8 கிலோ. உள்ளே குழந்தைகளின் சின்னச் சின்னச் சோதனைகளோடு, ஹாம்களுக்கான ரேடியோவும். 2022 ஆகஸ்ட் 7 காலையில், எஸ்.எஸ்.எல்.வி. என்ற புது ராக்கெட்டின் முதல் பயணத்தில் அனுப்பினார்கள். ராக்கெட் 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாக விட வேண்டியதை, ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 என்று நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. 76 கிலோமீட்டரில் காற்று சும்மா விடாது, இழுத்துவிடும். போச்சு.

இங்கே ஒரு பெண் கை தூக்கினாள். எட்டாவதோ ஒன்பதாவதோ இருக்கும்.

"சார், அப்ப அந்த அக்காங்க செஞ்சதெல்லாம் வீண்தானுங்களே?"

நான் எல்லாப் பெரியவர்களும் சொல்வதைச் சொன்னேன். தோல்விதான் வெற்றிக்கு முதல் படி, இத்யாதி. அவள் உட்காரவில்லை.

"எங்கப்பா மூணு போர் போட்டாருங்க சார். மூணுலயும் தண்ணி வரல. அதுவும் படிங்களா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு பாவ மன்னிப்பு. 'தோல்வி முதல் படி' என்ற வாக்கியத்தை நாம் அடுத்தவருக்கு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது 'அழாதே, எனக்குச் சங்கடமாக இருக்கிறது' என்பதன் மரியாதையான வடிவம். மாதக்கணக்கில் முட்டி மோதிச் செய்தது சில நிமிஷத்தில் போனால் அழத்தான் வேண்டும். இழப்பு வேறு, வீண் வேறு. வீண் இல்லை என்று நிரூபிப்பதற்காக இழப்பே இல்லை என்று சாதிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, அந்தக் குழந்தைகளின் உழைப்பை ஒரு ராக்கெட்டின் முதல் பயணத்தில் வைத்தது சரியா? முதல் பயணத்தில் ராக்கெட்டுகள் விழுவது உலக வழக்கம். தெரிந்தேதான் வைத்தார்கள். புகைப்படமும் பொன்னாடையும் பெரியவர்களுக்கு, ஏமாற்றம் குழந்தைகளுக்கு என்று ஒருவர் கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் நிச்சயமாக ஜெயிக்கிற ராக்கெட்டில் இடம் கிடைக்கும்வரை காத்திரு என்றால், அரசுப் பள்ளிப் பெண்ணின் முறை எப்போது வரும்? ஆஸ்கர்-1 எடைக்கல்லின் இடத்தில்தானே தொற்றிக்கொண்டு போனது. எளியவனுக்கு எப்போதும் படிக்கட்டுதான்.

ஆகவே வைத்தது தப்பில்லை என்றே நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. 'இது விழலாம்' என்று முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்து இறங்கினால் அது துணிச்சல். தெரியாமல் இறக்கிவிட்டால் அது வேறு.

விழுந்த பிறகு நடந்ததும் முக்கியம். 'செயற்கைக்கோள்கள் இனி உபயோகப்படாது' என்று இஸ்ரோ அன்றைக்கே சொல்லிவிட்டது. பிறகு காரணத்தையும் வெளியிட்டது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது கொஞ்ச நேரம், நொடிக்கும் குறைவான நேரம், கடுமையாக அதிர்ந்தது. முடுக்கத்தை அளக்கும் கருவிகள் அந்த அதிர்வில் திணறின. அவை கெட்டுவிட்டன என்று ராக்கெட்டின் கணினி தானாக முடிவு கட்டி, ஆபத்துக்கால வழிக்கு மாறிவிட்டது. கருவிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. கண் நன்றாகத்தான் இருந்தது. கண்ணை நம்பாமல் போனதுதான் வினை. (நமக்கும் நடப்பதுதான். ஒரு குலுக்கலில் நம்மையே நம்பாமல் போய்விடுகிறோம்.)

பிரச்னையைச் சரிசெய்து, ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று அதே வகை ராக்கெட்டில் ஆசாதிசாட்-2 போனது. 450 கிலோமீட்டரில் ஒழுங்காக விட்டார்கள். சுபம்.

'பார்த்தாயா, இரண்டாவது ஜெயித்தது, ஆகவே முதலாவது வீணில்லை' என்று கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். மனசு ஒப்பவில்லை. இரண்டாவதும் விழுந்திருந்தால்? அப்போது அந்தப் பெண்களின் உழைப்பு வீண் என்று சொல்வோமா? மாட்டோம். அவர்கள் செய்த வேலை மாறவில்லையே. பலனை எதிர்பாராதே என்கிறார்கள். செயற்கைக்கோள் செய்கிறவரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். பலனை எதிர்பார்க்காமல் ஒரு திருகாணியைக் கூட முறுக்க முடியாது. மேலே போன பிறகு ஏணி வைத்து ஏறிப் பழுது பார்க்க முடியாது என்பதால், கீழே இருக்கும்போதே குலுக்கி, சுட வைத்து, குளிர வைத்து, ஆயிரம் முறை சந்தேகப்பட வேண்டும். ராக்கெட் கிளம்பும்வரை பலன் மட்டும்தான் புத்தியில் இருக்கும். கிளம்பிய பிறகு கையில் எதுவும் இல்லை. கையில் இருந்தவரை ஒழுங்காகச் செய்தோமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடிந்தால், அது வீணில்லை. விளைவு எதுவானாலும்.

இந்தப் பதில் 750 பெண்களுக்குப் போதும். பாப்பாரப்பட்டி அப்பாவுக்குப் போதுமா?

அவரும் ஒழுங்காகத்தான் செய்திருப்பார். நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்து, நாள் பார்த்து, கடன் வாங்கி, ஆயிரம் அடி என்று இறக்கியிருப்பார். வந்தது புழுதி. 'உங்கள் உழைப்பு வீணில்லை' என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. ஏன் என்று யோசித்ததில் ஒன்று புரிந்தது. அவரும் அந்தப் பெண்களும் தோற்ற விதத்தில் வித்தியாசம் இல்லை. தோற்ற பிறகுதான் வித்தியாசம். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாடு நின்றது. விசாரணைக் குழு வந்தது, காரணம் கண்டது, இன்னொரு ராக்கெட் தந்தது. இவருக்கு விசாரணைக் குழு கிடையாது. வட்டிதான் உண்டு. தோல்வி ஒரு படி என்பது, அடுத்த படியைக் கட்டித் தர ஆள் இருப்பவர்களுக்கு மட்டுமே உண்மை.

'சோற்றுக்கும் தண்ணிக்கும் வழியில்லாத ஊரில் சாட்டிலைட் எதற்கு?' என்று கேட்பவர்கள் கேள்வியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். சாட்டிலைட் செய்யும் குழந்தைக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பைப் பிடுங்குவதில் யாருக்கும் லாபமில்லை. அது ஏன் கிணறு வெட்டுகிறவருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்பதுதான் கேள்வி.

சாயங்காலம் சிவாவின் நினைவிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பாரத மாதாவுக்கு இந்த ஊரில் ஒரு கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். சிவாவுக்குத் தொழுநோய், சிறை கொடுத்த பரிசு. தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. புண்களோடு ஊர் ஊராக நடந்தார். 1925 ஜூலை 23 அன்று நாற்பது வயதில் இறந்தபோது கோயில் எழும்பவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துத்தான் அரசு அங்கே பாரத மாதாவுக்கு நினைவாலயம் எழுப்பியது.

அவருக்கு இரண்டாவது ராக்கெட் கிடைக்கவே இல்லை. கிடைக்காது என்று தெரிந்தும் கல் நட்டார். அவரை வணங்கலாம். ஆனால் அவரைக் காட்டி, 'நீயும் இப்படி இரு' என்று கடனில் நிற்கிற விவசாயியிடம் சொல்வது கொடுமை. தியாகம் அவரவர் எடுத்துக்கொள்வது, அடுத்தவருக்குச் சிபாரிசு செய்வதல்ல.

கிளம்பும்போது அந்தப் பெண் நண்பரின் ஆன்டெனாவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எம்புட்டு சார்?" என்றாள். நண்பர் சொன்னார். "அவ்ளோதானா?" என்றாள். இரும்பு டேப்பை எங்கே வெட்டுவது, எந்த இடத்தில் ஒயரைப் பற்ற வைப்பது என்று நண்பர் அவளுடைய நோட்டில் படம் போட்டுக் கொடுத்தார்.

அம்மா, உன் கேள்விக்குப் பாதிப் பதில்தான் என்னிடம் இருக்கிறது. அந்த அக்காக்கள் செய்தது வீணில்லை. உன் அப்பா செய்ததும் வீணில்லை. ஆனால் அவருடைய இழப்பை இழப்பு என்று ஒப்புக்கொண்டு, யார் அவருக்கு இரண்டாவது ராக்கெட் தரப்போகிறார்கள்? அது நாங்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டியது. நாங்கள் மழுப்புவோம். நீ அன்று உட்காராமல் நின்றாயே, அப்படியே நில்.