சோலை காட்டும் அறநெறி



இளவேனில் பிறந்துவிட்டது. விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்தில் வேம்பு பூத்துச் சொரிகின்றது. வடக்கே பண்ணுருட்டித் தோப்புகளில் பலாமரங்கள் அடிமரம் முதல் கிளைவரை காய் சுமந்து நிற்கின்றன. மகாவீரர் பிறந்தநாளை ஒட்டிய இந்நாட்களில் நாம் குடும்பத்துடன் உறவினர் தோட்டங்களையும், ஊர்ப்பொது நந்தவனங்களையும், ஜினாலயப் பூந்தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து வருகின்றோம். இவ்வுலா சாவகர்க்குத் தகுமா? தகுமாயின் எவ்வாறு செல்லுதல் வேண்டும்? இதனைச் சிறிது சிந்திப்போம்.

சோலை நம் சமயத்திற்குப் புறம்பானதன்று. சமவசரணத்தில் அசோகு, ஏழிலைப்பாலை, சண்பகம், மா என நான்கு வனங்கள் அமைந்துள்ளன என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. அருகப்பெருமான் எழுந்தருளியிருப்பதும் அசோகமரத்து நிழலிலேயாம். நம் கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தால் பெயர் பெற்ற ஊராகும். பாடலிகை என வழங்கிய அவ்வூரிலேதான் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், உலோக விபாகம் என்னும் நூலை எழுதி நிறைவு செய்தார். மரத்தின் பெயர் தாங்கிய ஊர் அறிவின் இருப்பிடமாகவும் விளங்கிற்று.

ஆயினும் நம் ஆசாரியர்கள் ஓர் எச்சரிக்கையும் தந்துள்ளனர். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்ட விரதத்தை விளக்குமிடத்து, பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல் ஆகியவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் விலக்குகின்றார். நம் உலாக்களை எண்ணிப் பார்ப்போம். குழந்தை ஒரு கொத்துப் பூவைப் பறிக்கின்றது. தோட்டத்து வாயிலை அடையுமுன் அதனை எறிந்துவிடுகின்றது. நாமும் பேசிக்கொண்டே ஒரு தளிரைக் கிள்ளி விரலால் கசக்குகின்றோம். ஓரறிவு உயிர்க்கும் உயிருண்டு என்று நாள்தோறும் ஓதும் நாமே இதனைக் குற்றமாகக் கருதுவதில்லை. பசிக்காகவும் அன்று, பூசைக்காகவும் அன்று. கை சும்மா இராமையால் செய்த தீங்கு இது.

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியில் இரண்டு சோலைகளைக் காண்கின்றோம். முதலாவது, சீவகன் இளமையில் கண்டது. இராசமாபுரத்து மக்கள் இளவேனில் விழாவிற்காகச் சோலைக்குச் செல்கின்றனர். எங்கும் ஆடலும் பாடலுமாக இருக்கின்றது. சுண்ணப்பொடியில் எவருடையது சிறந்தது என்று மகளிர் இருவர் வாதிடுகின்றனர். அந்த ஆரவாரத்திடையே, உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு ஒரு நாய் உயிர் துடிக்கின்றது. களிப்பில் இருந்தோர் பலர். அதன் அருகே சென்று அமர்ந்தவன் சீவகன் ஒருவனே. அவன் அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு உயிரிடர் நேர்ந்தபோது வந்து காத்தது.

இரண்டாவது சோலை, அவன் அரசனாய்ப் பல்லாண்டு வாழ்ந்தபின் கண்டது. ஆண்குரங்கு ஒன்று தன் துணையின் ஊடலைத் தணிக்கப் பலாப்பழம் ஒன்றைக் கொடுக்கின்றது. காவலன் ஓடிவந்து குரங்குகளைத் துரத்திவிட்டுப் பழத்தைப் பறித்துக்கொள்கின்றான். கண்டவர் நகைத்திருக்கலாம்; சீவகன் நகைக்கவில்லை. பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன் போன்றது. பறித்த காவலன் தன்னைப் போன்றவன். போகமெல்லாம் அப்பழம் போன்றதே என உணர்ந்தான். அன்றே அவன் உள்ளம் துறவை நாடியது.

அப்பலாப்பழம் நமக்கு எட்டாத கதைப்பொருளன்று. நம் மாவட்டத்து விளைபொருள். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. தாத்தா நட்ட பலாவும் தந்தை நட்ட முந்திரியும் சில மணி நேரத்தில் வேரோடு சாய்ந்தன. முன்நாள் மாலை வரை "என் தோப்பு" என்று கூறியவர்கள் மறுநாள் காலையில் வெட்டவெளியைக் கண்டனர். அநித்திய பாவனையை நூலில் கற்ற நமக்கு, அது நம் மண்ணிலேயே காட்டப்பட்டது.

எனில் மரம் நடுவதே வீணோ? அன்று. சாய்ந்த இடத்திலேயே மீண்டும் கன்று நட்டோரையும் நாம் கண்டோம். பலா காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். நட்டவரே உண்பார் என்னும் உறுதியில்லை. தனக்கு என்னும் பற்றின்றிப் பிறர்க்கு என்னும் அருளோடு நடும் கன்று தானத்தின் வடிவமே. சீவகன் துறந்தது மரத்தையன்று. "என்னுடையது" என்னும் பற்றினையே.

ஆதலின் இவ்வேனிலில் சோலைக்குச் செல்வோம், பகலிலேயே செல்வோம். எறும்பு ஊரும் வழியை நோக்கி அடி வைப்போம். பூவைக் கண்ணால் கொள்வோம். கையால் கொள்ளற்க எனக் குழந்தைகட்குக் கனிவுடன் கூறுவோம். காவலனுக்கு அஞ்சி ஓடும் குரங்கையும், வேலியோரம் நாவறண்டு கிடக்கும் நாயையும் காணாதவர்போல் கடந்து செல்லாதிருப்போம். வடிகட்டிய நீரைச் சிறிது வைத்துவிட்டு வருவோம்.

முதற்சோலையில் சீவகன் அருளைப் பெற்றான். இரண்டாம் சோலையில் தெளிவைப் பெற்றான். வீடு திரும்பும்போது நம் கையில் வாடிய பூ இருக்கின்றதா, நெஞ்சில் இவ்விரண்டில் ஒன்றேனும் இருக்கின்றதா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.

அறவாழி வெல்க! எவ்வுயிரும் இன்புறுக!