தள்ளிக்கொண்டு போன கார்

"உதைத் தள்ளினது பழுதாகியோ, எண்ணெய் மிச்சம் பிடிக்கவோ?"

சின்னம்மா கேட்டது இவ்வளவுதான். கேட்டுவிட்டு மடியில் கிடந்த முருங்கையிலையை மறுபடியும் உருவத் தொடங்கிவிட்டார். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. இரண்டு மாதமாகிறது. அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் புங்குடுதீவுக்கு வந்திருந்தது. வெயில் சாய்கிற நேரம். திண்ணையில் இருந்து மருமகன் ஒரு பழைய காணொளியைக் கைபேசியில் காட்டினான். அவனிடம் அங்கே ஒரு டெஸ்லா நிற்கிறது. அந்தக் காரை யாரும் குறை சொன்னால் வீட்டு ஆளைச் சொன்னதுபோல அவனுக்குப் பொறுக்காது. காணொளி, பிபிசியின் டொப் கியர் நிகழ்ச்சியில் 2008 டிசம்பரில் வந்தது. ஜெரமி கிளார்க்சன் டெஸ்லா ரோட்ஸ்டரை ஓட்டுகிறார். முதலில் அதன் வேகத்தைக் கண்டு வாயாரப் புகழ்கிறார். பிறகு பேச்சு மாறுகிறது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 200 மைல் ஓடும் என்று கொம்பனி சொல்கிறது, எங்கள் ஓடுபாதையிலோ 55 மைலில் முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்தோம் என்கிறார். அடுத்த காட்சியில் அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் விடுகிறார்கள்.

"இது பொய், மாமா. பற்றறி முடியவே இல்லை. சும்மா தள்ளினவங்கள்" என்றான் மருமகன். சின்னம்மா எட்டிப் பார்த்தது அப்போதுதான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நிகழ்ச்சிக்குக் கொடுத்த இரண்டு கார்களில் எதிலும் சார்ஜ் 20 வீதத்துக்குக் கீழே இறங்கவில்லை என்று டெஸ்லா சொன்னது. 2011 மார்ச்சில் பிபிசிமேல் வழக்கும் போட்டது. கார் நின்றுவிட்டது என்று நாங்கள் ஒரு இடத்திலும் சொல்லவில்லையே, நின்றால் என்ன ஆகும் என்றுதானே காட்டினோம் என்றது பிபிசி. 55 என்ற எண்ணைத் தந்ததே டெஸ்லாவின் கலிபோர்னியப் பொறியாளர்கள்தாம் என்று தயாரிப்பாளர் அண்டி வில்மன் எழுதினார். வழக்கின் ஒரு பகுதி அந்த ஆண்டு ஒக்டோபரிலும் மற்றது 2012 பெப்ரவரியிலும் தள்ளுபடியாயின. 2013 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் டெஸ்லாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஓடுபாதையில் ஓட்டுவதையும் தெருவில் ஓட்டுவதையும் பார்க்கிறவர் பிரித்தறிவார் என்பது வழக்கை முதலில் கேட்ட நீதிபதியின் எண்ணம்.

நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண்களுக்காக இல்லை. தள்ளுகிற இடம் வந்ததும் நிறுத்துவேன். கார் தன் பாட்டில் உருளவில்லை, மனிதர்கள் தள்ளித்தான் நகர்கிறது. அது ஒரு தொன்னுக்கு மேல் பாரமுள்ள கார். தள்ளியது உண்மை, பாரமும் உண்மை. தள்ளிய காரணம் மட்டும் உண்மையில்லை. சின்னம்மா கேட்டதோ அந்தக் காரணத்தைத்தான்.

1993. போரால் தீவை விட்டு வந்து கோண்டாவிலில் ஒரு காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ-40 இருந்தது. அதுதான் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது. யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வரத் தடை. மின்சாரம் 1990 இலேயே போய்விட்டது. டோர்ச் பற்றறிகூடத் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். கிளார்க்சன் ஓட்டிய அந்தக் காருக்குள் 6,831 பற்றறிக் கலங்கள் இருந்தன என்று மருமகன் சொன்னபோது எனக்கு அந்தச் சைக்கிள் சில்லுச் சுற்றும் சத்தம் காதில் கேட்டது. ஒரு பற்றறிக்கு நாங்கள் அலைந்த அலைச்சலை அவனுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியவில்லை.

கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பவேண்டும், சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். அந்த நாலு சொட்டைச் சித்தப்பா ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வைத்து, சேட்டுப் பையிலேயே கொண்டு திரிவார். அவருக்குக் கிட்டப் போனால் பெற்றோல் மணக்கும். தேவையில்லாமல் எஞ்சினை எழுப்பவே மாட்டார். வளவுக்குள்ளிருந்து றோட்டுக்குக் காரைத் தள்ளியே கொண்டுபோவோம். சந்தியில் வாடகைக்கு நிற்கிற வரிசையில் முன்கார் போனால் இவரும் தள்ளித்தான் முன்னுக்கு விடுவார். திரும்பி வந்தால் ஒழுங்கை முகப்பிலேயே எஞ்சினை நிறுத்திவிடுவார். அங்கிருந்து படலைவரைக்கும் நானும் தம்பியும் தள்ளுவோம். சித்தப்பா கதவைத் திறந்து, ஒரு கையால் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி கூடவே நடப்பார். டிக்கியில் படிந்த செம்மண் தூசியில் என் இரண்டு உள்ளங்கையும் பதிந்திருக்கும். அடுத்த நாள் காலையில் அந்த அடையாளத்தின் மேலேயே கையை வைத்து மறுபடி தள்ளுவேன்.

ஒருநாள் சங்கக்கடை வரிசையில் நின்றபோது ஒருவர் கேட்டார்: "நேற்றுக் காரைத் தள்ளிக்கொண்டு போனியள், எண்ணெய் இல்லையோ?"

"எண்ணெய் இருக்குது. கார்தான் நிண்டிட்டுது. கொக்குவிலிலயிருந்து தள்ளினனாங்கள்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு யோசித்தால் ஒரு காரணம் தெரிகிறது. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளை அந்த ஊரில் யாரும் பெரிதாய்க் கவனிப்பதில்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கொக்குவிலிலிருந்து கோண்டாவில்வரைக்கும் ஒரு காரைத் தள்ளிய பெடியன். புகை வந்தது, சத்தம் வந்தது என்று இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொன்னேன்.

சில கிழமைக்குப் பிறகு, நடுச்சாமத்தில் பக்கத்து வளவில் ஒரு அக்காவுக்குப் பிள்ளைப்பேற்று வலி எடுத்தது. விளக்கோடு ஓடி வருகிற சத்தம் கேட்டுச் சித்தப்பா எழும்பினார். சேட்டைப் போட்டார், பையில் போத்தல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், படலையைத் திறந்துகொண்டு நின்றார். விளக்கு எங்கள் படலையைத் தாண்டிப் போனது. அடுத்த ஒழுங்கையிலிருந்து வேறொரு கார் வந்தது. அது போய் மறைந்த பிறகும் சித்தப்பா படலையில் நின்றார். பிறகு வந்து படுத்தார். ஒன்றும் பேசவில்லை. நான் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

என் வாயால்தான் அவர்கள் எங்கள் காரை விட்டார்களா? அடுத்த காரின் சொந்தக்காரர் அவர்களுக்கு உறவாக இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு எங்கள் கார் ஓட்டம் குறைந்து மாமரத்தடியில் நின்ற நாட்களே கூட. ஆனால் அந்தக் காலத்தில் யாருக்குத்தான் ஓட்டம் இருந்தது? 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மாமரம் மட்டும் நின்றது.

அமெரிக்காவில் மார்க்கேஸ் பிரவுன்லி என்று ஒருவர் இருக்கிறார். புதுச் சாமான்களை வாங்கிப் பார்த்துச் சொல்கிறவர், கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். 2024 பெப்ரவரியில் ஃபிஸ்கர் கொம்பனியின் ஓஷன் என்ற மின்சாரக் காரை, தான் இதுவரை பார்த்ததிலேயே மோசமான கார் என்று தலைப்பிலேயே சொன்னார். நாலு மாதத்தில், ஜூனில், ஃபிஸ்கர் திவாலாகிவிட்டது. ஒரு மனிதனின் வாய் ஒரு கொம்பனியை விழுத்தலாமா என்று சிலர் ஆத்திரப்பட்டார்கள். கொம்பனி அதற்கு முன்னமே தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது, காரிலும் குறைகள் இருந்தன, உள்ளதைச் சொன்னவனில் என்ன பிழை என்றார்கள் மற்றவர்கள். நான் இந்த இரண்டாவது பக்கம்தான். காசு கொடுத்து வாங்கப்போகிறவனுக்கு உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லும்போதே எனக்குள் ஒரு குரல், அவன் உள்ளதைச் சொன்னான், நீ என்ன சொன்னாய் என்று கேட்கிறது.

எங்கள் ஊரின் கடற்கரையில் கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் அப்பாச்சி கோவலன் கதை சொல்லுவா. எனக்கு இப்போது பாதிதான் ஞாபகம். சின்ன வயதில் எனக்குப் பொற்கொல்லன் மேல்தான் கோபம். இந்த இரண்டு மாதத்தில் வேறொன்றுதான் மனதில் நிற்கிறது. கோவலனின் கையில் சிலம்பு இருந்தது. அது பொய்யில்லை. அரசியின் சிலம்பைப் போலவே இருந்தது. அதுவும் பொய்யில்லை. கண்ணால் பார்க்கிற எல்லாம் சரியாகவே இருந்தன. அது எப்படி அந்தக் கைக்கு வந்தது என்ற ஒன்றை மட்டும் பொற்கொல்லன் மாற்றிச் சொன்னான். உடைத்த பிறகுதான் உள்ளே முத்தா மாணிக்கமா என்பது தெரிந்தது. சிலம்பை உடைக்கலாம். ஒரு காரைத் தள்ளுகிற காட்சியை எங்கே போட்டு உடைப்பது?

2022 இல் நாடு முழுக்க எரிபொருள் வரிசை. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, பெரிய பெரிய கார்கள் எல்லாவற்றையும் இறங்கித் தள்ளித்தான் முன்னுக்கு விட்டார்கள். ஒருவரும் அவற்றைப் பழுது என்று நினைக்கவில்லை. ஏன் தள்ளுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 1993 இலும் அப்படித்தானே இருந்தது! வரிசையில் நின்றவர் என்னிடம் கேட்டதும் எண்ணெய் இல்லையோ என்றுதான். அவருடைய கண் பிழையாகப் பார்க்கவில்லை. பழுது என்பதை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படிப் பார்த்தால் கார் நின்றுவிட்டது என்று வாயால் சொல்லாமல் காட்சியை மட்டும் காட்டிய கிளார்க்சன் என்னைவிட நேர்மையானவரா? அப்படியும் சொல்ல மனம் வரவில்லை. லண்டனில் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்க்கிறவனுக்குத் தள்ளுகிற கார் என்றால் நின்றுபோன கார்தான். அங்கே மண்ணெண்ணெய் வரிசை இல்லை. அவன் என்ன நினைப்பான் என்று காட்டியவர்களுக்குத் தெரியாதா?

55 மைல் என்றதை மருமகன் அவமானமாக எடுத்துக்கொண்டான். நான் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் 18 மைல் அளவு. வாணர் பாலத்தைத் தாண்டி, வேலணையால் போய், சாமான் வாங்கித் திரும்பி வந்தாலும் 55 இல் மிச்சம் இருக்கும். கொழும்புக்கென்றால் 200 மைலும் போதாது. சாமத்தில் ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போக அந்தக் கார் தாராளமாய்க் காணும். 2020 இல் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். மின்சாரக் கார் ஒன்று இந்தப் பாலத்தால் அன்றாடம் போய்வருவதைச் சின்னம்மா பார்க்கக்கூடும். சத்தமில்லாமல் அது ஒழுங்கைக்குள் வந்தால், யாரோ தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைப்பாரோ.

அக்கா குடும்பம் கனடாவுக்குத் திரும்பியதற்கு அடுத்த நாள் சின்னம்மாவிடம் போனேன். சங்கக்கடைக் கதையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். வாய் வரவில்லை. அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"அந்தக் கார் பழுதில்லை, சின்னம்மா. எண்ணெய் மிச்சம் பிடிக்கவுமில்லை. காட்டுறதுக்காகத் தள்ளினவை."

"காட்டுறதுக்கோ?" என்றார். கொஞ்ச நேரம் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார். "எங்கட காரை எல்லாரும் பழுதெண்டுதான் சொன்னவை. அவர் ஒரு நாளும் ஏனெண்டு கேட்கேல்லை."

என்னைப் பார்த்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியவில்லை. சித்தப்பா ஏன் கேட்கவில்லை என்பதும் தெரியவில்லை. யார் சொன்னது என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்ததா? அதற்குப் பிறகும் ஒழுங்கை முகப்பில் காரை நிறுத்திவிட்டு, "வா தம்பி, கை குடு" என்று என்னைத்தான் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் என்னைத்தான். தெரிந்துகொண்டு கூப்பிட்டாரா, தெரியாமல் கூப்பிட்டாரா என்று கேட்க இப்போது அவர் இல்லை. சின்னம்மாவிடம் கேட்கலாம். நாளைக்குப் போவோம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.