நிறைய வாங்கிக் குறையக் கொடுப்பதோ?



திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீன். தமக்கு வாங்கும்போது நிறைய அளந்து கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துவிடுகிற மனிதர்களை அல்லாஹுத்தஆலா அதில் வன்மையாக எச்சரிக்கின்றான். வியாபாரிகளாகிய நாம் அடிக்கடி கேட்ட ஸூராதான். ஆனால் அந்த எச்சரிக்கை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுந்தானா?

1957-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி மலாயா சுதந்திரம் பெற்றது. அப்போது பிறந்த அரசியல் சாசனம் நமக்கு நிறையவே அளந்து தந்திருக்கிறது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது 8-வது ஷரத்து. பேசவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், சங்கம் அமைக்கவும் பிரஜைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 10-வது ஷரத்து. பார்லிமெண்ட் விதிக்கும் வரம்புகள் அதற்கு உண்டு. கடை லைசென்ஸ் தாமதமானால் இவையெல்லாம் நமக்கு மடமடவென்று ஞாபகம் வந்துவிடும்! வரட்டும், அதில் தவறில்லை.

தேர்தல் நாளன்று நம் கடையில் நடப்பதென்ன? 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிரம்பிய பிரஜையின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. நம் கல்லாவில் நிற்கும் உள்ளூர்ப் பையனுக்கும் முதலாளிக்கும் ஓட்டு ஒன்றே, எடையும் ஒன்றே. 1954-ம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம், ஓட்டுப் போட நியாயமான நேரம் சிப்பந்திக்குத் தர வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. மீறுவது குற்றம். "கூட்டம் குறையட்டும், அப்புறம் போ" என்பவர் நம்மில் எவருமில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? கூட்டம் குறையும், ஓட்டுச் சாவடியும் மூடிவிடும்.

நியாயமான நேரம் என்றால் எவ்வளவு? பினாங்குக் கடையில் வேலை செய்பவருக்கு ஓட்டு ஈப்போவில் இருந்தால் இரண்டு மணி நேரம் எதற்குக் காணும்? அங்கே மணிக்கணக்குப் பார்ப்பதைவிட அல்லாஹ்வுக்கு அஞ்சுவதே மேல். இன்னாருக்குப் போடு என்று பையனை நெருக்குவதோ அதைவிடப் பெரிய மோசம். ஓட்டு ஒரு சாட்சியம் என்று உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். பிறர் சாட்சியத்தை நாம் எழுதிக் கொடுக்கலாமா?

ஆகவே, தேர்தலுக்கு முந்தின இரவே யார் எந்நேரம் போவது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முதலாளியின் பெயர் கடைசியில் இருக்கட்டும்.