இறக்கி வச்ச காவடியைத் திரும்பத் தூக்காதீங்க

ஓம் சரவணபவ 🙏



இந்த வாரம் எனக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே மாதிரிதான். "அண்ணா, இன்ஜினியரிங் அப்ளிகேஷன் போட்டுட்டேன். இப்போ பாத்தா ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல. தூக்கம் வரல, முருகன்கிட்ட வேண்டிக்கோங்க."

கண்டிப்பா வேண்டிக்கிறேன். கூடவே நம்ம பழனி இடும்பன் கதையையும் சொல்றேன்.

அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைக் காவடியாக் கட்டிப் பொதிகைக்குத் தூக்கிட்டு வந்தவர் இடும்பன். வழியில ஆவினன்குடியில கொஞ்சம் இளைப்பாற இறக்கி வச்சார். மறுபடி தூக்கினா அசையல! அவ்வளவு தூரம் சுமந்தவருக்குப் பலம் குறைஞ்சா போச்சு? இல்ல. மலை சேர வேண்டிய இடத்துல சேர்ந்துருச்சு. அது புரியாம இழுத்துப் பாத்தார், மலைமேல கோவணத்தோட நின்ன சின்னப் பையன்கிட்ட சண்டைக்கும் போனார். விழுந்தார். அந்தப் பையன் யாருன்னு நமக்குத் தெரியும்.

இந்த இடத்துல என் கதை. எங்க ஊர் திண்டுக்கல். அப்பா பூட்டுப் பட்டறையில வேலை பாத்தவர். நான் அப்ளிகேஷன் போட்ட அன்னைக்கு ராத்திரி பி.டி.எஃப்-ஐத் திறந்து பாத்தா, முதல் பட்டதாரி சலுகை கேக்கற இடத்துல 'இல்லை'ன்னு இருக்கு. எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிக்கப் போற முதல் ஆள் நான். அந்தச் சலுகை போனா ஃபீஸ் கட்ட அப்பா கடன்தான் வாங்கணும். பயத்துல யார்கிட்டயும் சொல்லல. மூணு ராத்திரி அதே பி.டி.எஃப்-ஐத் திறக்கிறதும் மூடுறதுமா இருந்தேன். திறக்கத் திறக்க புதுசு புதுசாப் பயம். இயற்பியல் மார்க் கம்மி, பேர்ல இனிஷியல் சரியா, போட்டோ மங்கலா இருக்கோ...

நாலாம் நாள் அப்பாவே கேட்டார். அழுதுட்டேன். அவர் திட்டல. "தம்பி, பூட்டைப் பூட்டுனா ஒரு தடவை இழுத்துப் பாக்கணும். அது கவனம். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பத்து தடவை இழுத்தா, அது வியாதி. நீ முதல் தடவை இழுத்தப்பவே திறந்துக்கிச்சுல்ல? அதைச் சரிபண்ணாம ஏன் உக்காந்து இழுத்துக்கிட்டே இருக்க?"

மறுநாள் காலையில உதவி மையத்துக்குப் போனோம். சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாள் இருந்துச்சு, திருத்திக் கொடுத்தாங்க. பத்து நிமிஷ வேலை. மூணு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

அதனால தம்பி தங்கைகளே, ஒரு பேப்பரை எடுத்து நடுவுல கோடு போடுங்க.

இடது பக்கம், சரிசெய்யக்கூடியது. பேர் எழுத்து, சாதிச் சான்று, முதல் பட்டதாரி, ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, இதெல்லாம். வீட்டுல சொல்லுங்க. நாளைக்குக் காலையில உதவி மையத்துக்குப் போய்க் கேளுங்க. ரேங்க் பட்டியல் வந்த பிறகும் குறை சொல்ல சில நாள் தருவாங்க, அந்தத் தேதியைக் குறிச்சு வைங்க. சாய்ஸ் வரிசை பூட்டுற வரைக்கும் உங்க கையிலதான் இருக்கு. இதைச் செய்யாம "முருகன் பாத்துப்பான்"னு உக்காந்தா அது பக்தி இல்ல, சோம்பேறித்தனம்.

வலது பக்கம், இனி மாத்த முடியாதது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்கு வந்த கட்-ஆஃப் வந்ததுதான். ரெண்டு பேருக்கு எல்லாமே சமமா இருந்தா கடைசியில ரேண்டம் எண்தான் முடிவு பண்ணும். மனுஷன் போட்ட விதியிலேயே மனுஷன் கையில இல்லாத ஒரு மூலை இருக்கு பாருங்க! இந்தப் பக்கம் முழுசும் காவடி. கொண்டுபோய் அவன் சந்நிதியில இறக்கிடுங்க. இறக்குனதை ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திரும்பத் தூக்கப் பாக்காதீங்க. இடும்பனாலயே முடியல.

எனக்கு ஆசைப்பட்ட பிரிவு கிடைச்சுதான்னு கேப்பீங்க. கிடைக்கல. சிவில்தான் கிடைச்சது. ரெண்டு மாசம் முருகன்மேல கோவமாவே இருந்தேன், மறைக்கல. இன்னைக்கு அந்தப் படிப்புதான் எங்க வீட்டுல அடுப்பு எரிய வைக்குது. அப்பா கடன் வாங்கல.

இன்னொன்னு. தப்புப் பண்ணி விழுந்த இடும்பனை முருகன் அப்படியே விட்டுடல. எழுப்பினார், காவலா நிக்க வச்சார். இன்னைக்கும் பழனிப் படி ஏறும்போது இடும்பனைக் கும்பிட்டுத்தான் மேல போறோம். தப்புப் பண்ணவனுக்கு அவன் மலையில இடம் இல்லைன்னா, முதல்ல இடும்பனுக்கே இடம் இருந்திருக்காது.

பால்குடம் எடுத்துட்டு ஏறுறப்ப படியில கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். மேல போனா எவ்வளவு சிந்துச்சுன்னு யாரும் அளந்து பாக்கிறதில்ல. மிச்சம் இருக்கறது அவன் தலையில அபிஷேகமாகுது.

இன்னைக்கு ராத்திரி அந்த பி.டி.எஃப்-ஐ மூடிட்டு, ஆறு தடவை 'சரவணபவ' சொல்லிட்டுத் தூங்குங்க. காலையில இடது பக்க வேலை இருக்கு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚

ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ இதை அனுப்புங்க.