இருவரை ஒன்றென எண்ணுவது

அலங்காநல்லூரில் 'போட்டி' என்ற சொல்லுக்கு யாரும் பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை. தை மாதம் வாடிவாசல் திறந்தால் மாடு பிடிபட வேண்டும், இல்லை பிடிபடாமல் போக வேண்டும். ஒருவருக்குப் பரிசு, மற்றவருக்குத் தோல்வி. அந்தக் களத்துக்கு அது சரியான கணக்கு. அதே கணக்கைக் கலைக்கும் நட்புக்கும் நாம் கொண்டுபோகிறோமே, அதுதான் என் கேள்வி. தனக்குச் சமமான ஒருவரின் திறமையை மனதாரக் கொண்டாடினால் நம்முடையது குறைந்துபோகுமா?

1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாகசுரக்காரனுக்கும் ஆட்டக்காரிக்கும் நடக்கும் போட்டிதான் அதன் உயிர். போட்டியின் முடிவில் அவன் அவளுக்குப் பட்டம் தருகிறான். அவள் எவ்வளவு ஆடினாலும் தீர்ப்புச் சொல்லும் இடம் அவனுடையது. ஆனால் அந்தப் படத்தில் நாம் கேட்கும் நாகசுரம் போட்டியில் பிறந்ததல்ல. மதுரையைச் சேர்ந்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் இணைந்து வாசித்தது. திரையில் போட்டி ஓடுகிறது. திரைக்குப் பின்னால் இருவர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கேட்டல் எளிதல்ல. நாகசுரத்தில் துளைமேல் விரல் வைத்தால் மட்டும் ஸ்வரம் வந்துவிடாது. சீவாளியில் உதடு கொடுக்கும் அழுத்தமும் மூச்சின் அளவும் சேர வேண்டும். இரண்டு நாகசுரம் ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டுமானால், அடுத்தவர் மூச்சை அளந்து தன் மூச்சைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இங்கே பாராட்டு என்பது மேடையில் போர்த்தும் பொன்னாடை இல்லை. அடுத்தவர் செய்வதில் எது கடினம் என்று தெரிந்திருப்பதும், அதற்கு இடம் விடுவதும்தான் பாராட்டு.

அமெரிக்க ஜாஸ் உலகிலும் இதைப் பார்க்கிறோம். கோல்மன் ஹாக்கின்ஸின் வாசிப்பைக் கேட்டு உருவானவர் பென் வெப்ஸ்டர். 1957இல் இருவரும் சேர்ந்து தங்கள் சாக்சபோன்களில் ஓர் இசைத்தட்டுப் பதிவுசெய்தார்கள். சாக்சபோனைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய கத்ரி கோபால்நாத், தம்மைவிட இளையவரான ருத்ரேஷ் மகந்தப்பாவோடு வாசித்த 'கின்ஸ்மென்' 2008இல் வெளியானது. அந்தத் தலைப்புக்கு உறவினர் என்று பொருள். கூர்ந்து பார்த்தால், உறவுக்கார ஆண்கள்.

பெண்கள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நம் மேடைகளில் பெண்கள் இணைந்து பாடியதுண்டு. பிருந்தா–முக்தா, ராதா–ஜெயலட்சுமி, சூலமங்கலம் சகோதரிகள், பம்பாய் சகோதரிகள். பெரும்பாலும் உறவு முறைக்குள்தான். இரவில் கச்சேரி முடிந்து ஒரே வண்டியில் வீடு திரும்ப வீட்டார் சம்மதிக்கும் ஜோடி அது. உறவில்லாத இரு பெண்களின் கலை நட்புக்கு மேடை அரிதாகவே கிடைத்தது. பட்டம்மாளா, எம்.எஸ்.ஸா, வசந்தகுமாரியா, யார் பெரியவர் என்று திண்ணைகளில் வாதிட்டுத் தீர்த்தோம். மதுரையில் பிறந்த எம்.எஸ்.ஸும் நடனமணி பாலசரஸ்வதியும் இளம் வயதில் மேற்கத்திய இரவு உடையில், கையில் சிகரெட்டோடு எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் உண்டு. அந்த நட்பை நினைத்தால் நம் கண்முன் வருவது ஓர் இசைத்தட்டு அல்ல, அந்தக் குறும்புப் படம்தான்.

இன்னொரு ஜோடியைச் சொல்ல வேண்டும். காலீஷாபி மகபூப், ஷேக் மகபூப் சுபானி. திருவரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானாவிடம் பயின்ற இந்தத் தம்பதி பல ஆண்டுகளாகச் சேர்ந்து நாகசுரம் வாசிக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ இருவருக்கும் கிடைத்தது. அரசின் விதிப்படி, ஜோடிக்குத் தரும் விருது எண்ணிக்கையில் ஒன்றுதான்.

அந்த 'ஒன்று' எனக்கு இரண்டு விதமாகவும் கேட்கிறது. கணவனும் மனைவியும் ஒன்று என்று சொல்லி மனைவியின் பெயரைக் கரைத்துவிடும் பழைய கணக்கு இதற்குள்ளும் ஒளிந்திருக்க இடமுண்டு. 'அவர் இடம் கொடுத்ததால் இவர் வாசிக்கிறார்' என்ற பேச்சு நம் ஊரில் எந்தப் பெண் கலைஞருக்கும் புதிதல்ல. பெரியவர் சிறியவருக்குக் காட்டும் தயவும் பாராட்டு என்ற பெயரில்தான் உலவுகிறது. தயவையும் மதிப்பையும் எப்படிப் பிரித்தறிவது?

ஒரு சோதனை போதும் என்று நினைக்கிறேன். பாராட்டுகிறவர் தன் வாசிப்பை மாற்றிக்கொள்கிறாரா? தயவு காட்டுகிறவர் அப்படியே இருப்பார். அடுத்தவர்தான் அவருக்கு ஏற்ப வளைய வேண்டும். மதிக்கிறவர், கேட்டதை வாங்கித் தன் மூச்சில் சேர்த்துக்கொள்வார். ஜோடி நாகசுரத்தில் ஒருவர் சங்கதியை விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். அடுத்த முறை இவர் விட, அவர் எடுக்கிறார். விடுவதும் எடுப்பதும் இரு பக்கமும் நடந்தால் அங்கே இருவரும் குறையவில்லை. எப்போதும் ஒருவரே விட்டுக்கொடுத்தால், அதற்கு ஒற்றுமை என்று பெயர் வைப்பது ஏமாற்று.

இந்தச் சோதனையை நம் நட்புகளுக்கும் வைக்கலாம். உன் தோழி எழுதிய வரி ஒன்று நன்றாயிருக்கிறது என்று சொல்வது எளிது. அந்த வரிக்குப் பிறகு நீ எழுதும் முறை மாறியிருக்கிறது என்றால் அதையும் அவளிடம் சொல், நாலு பேர் முன்னால், அவள் பெயரோடு. அப்படிச் சொன்னதால் ஒருத்தி சிறுத்துப்போனதாக நான் இதுவரை கண்டதில்லை.